1951 மாரிஸ் மைனர்: எங்கள் வண்டியை விற்ற டீலரைக் கண்டறிவது எப்படி?

வடசேரிக்காரன்:
அன்பர்களுக்கு வணக்கம். என் பாட்டா 1951-இல் புதிதாக வாங்கிய நான்கு கதவு மாரிஸ் மைனர் கார் இன்றும் எங்கள் வீட்டுக் கொட்டகையில் நிற்கிறது. 918 சி.சி. எஞ்சினைப் பிரித்துச் சேர்த்தாயிற்று. உதிரிபாகத்துக்கு அலைந்த கதை தனி. இப்போது எனக்குத் தெரிய வேண்டியது, இதை அவருக்கு விற்ற டீலர் யார் என்பதுதான். மதுரையில் வாங்கியது என்று சித்தப்பா சாதிக்கிறார். நாகர்கோவிலிலேயே வாங்கியது என்று ஆச்சி கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தார். ஆர்.சி. புத்தகத்தின் முதல் தாள்களைக் கரையான் தின்றுவிட்டது. ஓட்டுநர் கதவைத் திறந்தால் கீழ்ச்சட்டத்தில் தீப்பெட்டியில் பாதி அளவுக்கு ஒரு பித்தளைத் தகடு இருக்கிறது. ஆண்டுதோறும் ஆயுத பூஜைக்குப் புளி போட்டுத் துலக்கியதில் பெயர் இருந்த வரி முழுவதும் தேய்ந்துவிட்டது. அந்தப் பெருமை எங்கள் குடும்பத்தையே சேரும். மிஞ்சியிருப்பது ஆங்கில எழுத்தில் ‘நாகர்கோவில், தெ. (தென்) திருவிதாங்கூர்’ என்பதும், இரண்டே இலக்கத்தில் ஒரு தொலைபேசி எண்ணும். இதை வைத்துக்கொண்டு எங்கே தொடங்கலாம்?

தக்கலைவாசி:
சித்தப்பா இன்றைய வரைபடத்தை மனத்தில் வைத்துப் பேசுகிறார் என்று நினைக்கிறேன். 1949 ஜூலை 1 முதல் நாகர்கோவில் பக்கத்து நாம் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தோம். அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் 1956 நவம்பர் 1 அன்றுதான் கன்னியாகுமரி மாவட்டமாகச் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. அதாவது, பாட்டா வண்டி வாங்கிய ஆண்டில் ஆரல்வாய்மொழியைத் தாண்டினால் வேறு மாநிலம். நமக்குத் தலைநகரம் திருவனந்தபுரம். ஆகவே மதுரையையும் சென்னையையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் திருவனந்தபுரம் பக்கம் தேடுங்கள். நாகர்கோவில் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பழைய பதிவேடு ஏதேனும் எஞ்சியிருக்கிறதா என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு ஒரு மனுவும் போட்டு வையுங்கள்.

மார்த்தாண்டம் ஒர்க்‌ஷாப்:
தகடு டீலருடையதுதான் என்று இப்போதே முடிவு கட்டிவிட வேண்டாம், அண்ணாச்சி. சர்வீஸ் செய்து கொடுத்த ஒர்க்‌ஷாப்காரர்களும் அந்தக் காலத்தில் தங்கள் பெயரில் தகடு அடித்துப் பொருத்துவது உண்டு. திருகாணியை மெதுவாகக் கழற்றி, தகட்டுக்கு அடியில் என்ன பெயிண்ட் இருக்கிறது என்று பாருங்கள். பிறகு அடித்த மறுபெயிண்ட் தகட்டுக்கு அடியிலும் ஓடியிருந்தால் தகடு பிறகு வந்தது. பழைய பெயிண்ட் மட்டும் இருந்தால் தகடு முந்தியது; ஆனாலும் விற்றவர் அவர்தான் என்று அதை வைத்து மட்டும் சொல்லிவிட முடியாது.

மின்சாரம் தரும் டைனமோவிலும் எஞ்சினைக் கிளப்பும் ஸ்டார்ட்டரிலும் அவற்றைச் செய்த லூகாஸ் கம்பெனி மாதத்தையும் ஆண்டையும் எண்ணாகக் குத்தியிருக்கும். அவை வண்டியின் ஆண்டோடு ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். பானட்டைத் தூக்கினால் தெரியும் தகட்டில் ‘எஸ்.எம்.எம்.’ என்று தொடங்கும் எண்தான் சேசிஸ் எண், அதாவது வண்டியின் அடிச்சட்ட எண். தொழிற்சாலைப் பதிவு கேட்கும் பலர் இதற்குப் பதிலாக எஞ்சின் எண்ணை எழுதி அனுப்பிவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்கிறார்கள்.

பழைய தாள் சேகரிப்பவன்:
அந்தச் சேசிஸ் எண்ணை இங்கிலாந்தில் கேடன் என்ற ஊரில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் அருங்காட்சியகத்துக்கு அனுப்பினால், தொழிற்சாலைப் பதிவேட்டைப் பார்த்துக் கட்டணத்துக்குச் சான்றிதழ் தருவார்கள். வண்டி கட்டப்பட்ட நாள், அனுப்பப்பட்ட நாள், முதல் நிறம், சென்ற இடம் அல்லது டீலர் ஆகியவை அதில் வரும். ஆனால் ஏற்றுமதியான வண்டிக்கு அந்தப் பதிவு பெரும்பாலும் பெரிய விநியோகஸ்தரோடு நின்றுவிடும். நாகர்கோவில் கடை வரை வராது. மீதி வழியை இங்கிருந்துதான் நடக்க வேண்டும்.

எனக்கு உங்கள் தகட்டில் பெயரைவிட அந்த இரண்டு இலக்க எண்தான் பெரியதாகத் தெரிகிறது. விளம்பரத்தில் கடைப்பெயருக்குக் கீழே தொலைபேசி எண் போடுவது அன்றைய வழக்கம். எனவே பெயரைத் தேடாமல் எண்ணைத் தேடுங்கள். தினமலர் 1951 செப்டம்பர் 6 அன்று திருவனந்தபுரத்தில்தான் தொடங்கியது, 1957-இல்தான் திருநெல்வேலிக்கு வந்தது. அந்த ஆண்டுகளின் இதழ்களைப் பாருங்கள். ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி, 1952-இல் தொடங்கிய தெ.தி. (தென் திருவிதாங்கூர்) இந்துக் கல்லூரி ஆகியவற்றின் ஆண்டு மலர்களில் கடைசிப் பக்கங்களைப் புரட்டுங்கள். உள்ளூர் வியாபாரிகளின் விளம்பரம் அங்கேதான் குவிந்திருக்கும். கோயில் திருவிழா மலர்களையும் விட்டுவிடாதீர்கள்.

இன்னொன்று. 50 ஆண்டு கடந்த வண்டிகளுக்கு 2021-இல் வந்த விதியின்படி ‘வி.ஏ.’ வரிசையில் புதிய பதிவு எண் தருகிறார்கள். ஏற்கெனவே பதிவான வண்டி பழைய எண்ணையே வைத்துக்கொள்ள அதில் இடமுண்டு. உங்கள் பழைய பதிவு எண்ணும் ஒரு தடயம், அதை விட்டுவிட வேண்டாம்.

வடசேரிக்காரன்:
நேற்று மாலை தகட்டைக் கழற்றினேன். அடியில் இளம்பச்சை இருக்கிறது. வண்டி முழுவதும் இப்போது இருப்பது சித்தப்பா காலத்தில் அடித்த கறுப்பு. தகடு அதற்கு முந்தியது என்ற அளவில் சித்தப்பாவும் ஒப்புக்கொண்டார், மதுரையை மட்டும் இன்னும் விட்டுக்கொடுக்கவில்லை. ஆச்சியின் டிரங்குப் பெட்டியில் கல்லூரி மலர்கள் நான்கு கிடைத்திருக்கின்றன. இரண்டில் விளம்பரப் பக்கங்களே இல்லை. மூன்றாவதைப் புரட்டிக்கொண்டிருக்கிறேன், எண் கண்ணில் பட்டதும் இங்கேயே எழுதுகிறேன்.