புதுப்பிப்பு: குளோர்ஜிலின் அளவீடு மாறிக்கொண்டே இருந்தது, விடை கிடைத்துவிட்டது

பதில் எழுதிய அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. நான் கேட்டது இது: எலி ஈரல் இழைமணிகளில், அமீன்களை ஒட்சியேற்றும் மோனோஅமீன் ஒட்சிடேசு நொதியத்தை அளக்கும்போது, அதைத் தடுக்கும் பொருளான குளோர்ஜிலினை ஒரே செறிவில் இட்டும் தடை ஒரு நாள் கூடுகிறது, ஒரு நாள் குறைகிறது, ஏன்?

கல்முனை அண்ணா சொன்னதுதான் கைகொடுத்தது. குளோர்ஜிலின் நொதியத்தோடு மெல்ல மெல்லப் பிணையும், பிணைந்தபின் விடாது. ஆகவே கைனுராமின் கீழ்ப்படையை (நொதியம் ஒட்சியேற்றி ஒளிரும் பொருளாக்கும் சேர்மம்; அந்த ஒளிர்வைத்தான் அளக்கிறேன்) சேர்க்குமுன், குளோர்ஜிலினையும் நொதியத்தையும் 37 பாகை செல்சியஸில் 20 நிமிடம் ஒன்றாக வைத்தேன். அளவீடுகள் ஒன்றோடொன்று பொருந்தின. புதிய குளோர்ஜிலின் தேவைப்படவில்லை. கொழும்பிலிருந்து மட்டக்களப்புக்கு அது வந்து சேரும் பாடு இங்குள்ளவர்களுக்குத் தெரியும்.

எதிர்பாராதது ஒன்று: குளோர்ஜிலின் செறிவைக் கூட்டக் கூட்ட, நொதியச் செயற்பாட்டு வளைகோடு பாதிவரை இறங்கி, சமதளமாக நின்று, உயர் செறிவில் மீண்டும் இறங்கியது. அது பிழையல்ல, அழகான விடயம். ஈரலில் ஏ, பி என இரு வகை நொதியமும் உண்டு. கைனுராமினை இரண்டுமே ஒட்சியேற்றும். நானோமோலார் செறிவில் ஏ அடங்கிவிடும், பி அடங்க மைக்ரோமோலார் வேண்டும். 1968இல் ஜோன்ஸ்டன் என்ற ஆய்வாளர் எலி மூளையில் இத்தகைய சமதளத்தைக் கண்டுதான் இரு வகைகளையும் பிரித்தறிந்தார். அந்தச் சமதளத்தில், பி வகையைத் தடுக்கும் செலிஜிலினும் சேர்த்து அதே 20 நிமிடம் வைத்தேன். மிஞ்சியிருந்த ஒளிர்வும் ஏறக்குறைய முழுவதும் அடங்கியது.