சின்ன ஹேட்ச்பேக் வாங்கணும்: புது அடிப்படை மாடலா, பழைய ஹைப்ரிடா, மலிவு டீசலா?

பின்சீட்டுக்காரன்:
எல்லோருக்கும் வணக்கம். பழைய செடானைக் கொடுத்தாகிவிட்டது. அடுத்தது நாலு மீட்டருக்குள் அடங்கும் ஹேட்ச்பேக்தான் என்பதில் வீட்டில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. எந்த வண்டி என்பதில்தான் தகராறு.

நான், மனைவி, இரண்டு வயது மகள், முழங்கால் வலி உள்ள அம்மா. ஆபீஸ் ஒரு வழி 20 கி.மீ., சிக்னலுக்கு சிக்னல் நின்று நகரும் பாதை. எப்போதாவது நெடுஞ்சாலையில் நீண்ட பயணம். வருடத்துக்கு எப்படியும் 12,000 கி.மீ. வரும்.

பார்த்து வைத்திருப்பவை: (அ) புது வண்டி, 1.2 லிட்டர் பெட்ரோல், மேனுவல், அடிப்படை மாடல். (ஆ) ஐந்து வருடப் பழைய டொயோட்டா யாரிஸ் ஹைப்ரிட், அதாவது பெட்ரோல் எஞ்சினோடு மின்மோட்டாரும் உள்ளது. (இ) 2016 மாடல் சின்ன டீசல், நிறைய ஓடியது. முதல் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே விலை, மூன்றாவது ரொம்பக் குறைவு. விளம்பரத்தில் போட்டிருக்கும் மைலேஜைப் பார்த்தால் மூன்றாவதுதான் ராஜா. எடுக்கலாமா?

கிரீஸ்கை:
தம்பி, டீசலை மறந்துடுங்க. உங்க ஓட்டத்துக்கு அது ஆகாது.

2016 வண்டின்னா அனேகமா டிபிஎஃப் இருக்கும், புகைக்கரியைப் பிடிச்சு வைக்கிற ஃபில்டர். பிடிச்ச கரியை எரிக்கணும்னா புகைக்குழாய் 600 டிகிரி கிட்ட சூடாகி, கொஞ்ச நேரம் அப்படியே இருக்கணும். சிக்னல்ல நின்னு நின்னு போற வண்டிக்கு அது வாய்க்காது. கம்ப்யூட்டர் கூடுதலா டீசல் தெளிச்சு எரிக்கப் பார்க்கும். அது பாதியில இருக்கறப்போ நீங்க ஆபீஸ் வந்துட்டீங்கன்னு சாவியைத் திருப்பிடுவீங்க. எரியாத டீசல் எஞ்சின் ஆயில்ல இறங்கும். டிப்ஸ்டிக்ல ஆயில் மட்டம் ஏறிக்கிட்டே போற வண்டியைப் பார்த்திருக்கீங்களா? வாரத்துக்கு ஒண்ணு என் கிட்ட வரும்.

டீசல்பிரியன்:
கிரீஸ்கை அண்ணன் கொஞ்சம் அதிகமாகவே பயமுறுத்துகிறார். வாரம் ஒருமுறை அரை மணி நேரம் நெடுஞ்சாலையில் சீரான வேகத்தில் ஓட்டினால் டிபிஎஃப் தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளும். எல்லா நாட்டிலும் எல்லா டீசலுக்கும் அந்த ஃபில்டர் இருப்பதும் இல்லை. என் வண்டி முழுக்க வெளியூர் ஓட்டம், இன்றுவரை தொந்தரவு இல்லை.

கிரீஸ்கை:
அதைத்தான் நானும் சொல்றேன். உங்களுக்கு வெளியூர் ஓட்டம், இவருக்கு உள்ளூர் ஓட்டம். ஃபில்டருக்காக வாரம் அரை மணி நேரம் சும்மா சுத்தினா மிச்சம் பிடிக்கிற டீசல் அங்கேயே போயிடும். இன்ஜெக்டர், டர்போ, டூயல் மாஸ் ஃபிளைவீல் இதுல ஒண்ணு போனாலும் வாங்கறப்போ கிடைச்ச விலைக் குறைவு சரியாப் போச்சு.

கணக்குப்பிள்ளை:
மைலேஜ் எண்ணில் எல்லோரும் வழுக்கும் ஓர் இடம் இருக்கிறது. "லிட்டருக்கு 5 கி.மீ. கூடுதல்" என்றால் எந்த வண்டியிலும் ஒரே மிச்சம் என்று தோன்றும். கணக்கு அப்படி வராது. உங்கள் 12,000 கி.மீ.க்கே போட்டுப் பாருங்கள். லிட்டருக்கு 15 கொடுக்கும் வண்டி 800 லிட்டர் குடிக்கும். 20 கொடுப்பது 600. 25 கொடுப்பது 480. 30 கொடுப்பது 400. பதினைந்திலிருந்து இருபதுக்கு ஏறினால் 200 லிட்டர் மிச்சம், இருபத்தைந்திலிருந்து முப்பதுக்கு ஏறினால் வெறும் 80. மேலே போகப் போக ஒவ்வொரு 5 கி.மீ.க்கும் மதிப்பு குறைகிறது, அதற்குக் கேட்கும் விலை மட்டும் குறைவதில்லை. 100 கி.மீ.க்கு எத்தனை லிட்டர் என்று அளக்கும் நாடுகளில் இந்தக் குழப்பம் வராது.

இன்னொன்று, 2016 வண்டியின் விளம்பர எண்ணையும் புது வண்டியின் எண்ணையும் பக்கத்தில் வைக்காதீர்கள். ஐரோப்பாவில் அப்போது இருந்தது என்இடிசி சோதனை, தாராளமாக மார்க் போடும். 2018 செப்டம்பர் முதல் விற்கும் எல்லாப் புதுக் கார்களுக்கும் டபிள்யூஎல்டிபி, கொஞ்சம் கறார். அமெரிக்காவின் இபிஏ எண் தனிக் கதை. வெவ்வேறு வாத்தியார் திருத்திய விடைத்தாளை வைத்து யார் முதல் ரேங்க் என்று சண்டை போடுவது போலத்தான்.

என் யோசனை: நகரத்தில் (அ) 15, (ஆ) 22 தருவதாக வைத்துக்கொள்ளுங்கள். 800 லிட்டருக்கு எதிராக 545, வருடத்துக்கு 255 லிட்டர் வித்தியாசம். அதை உங்கள் ஊர்ப் பெட்ரோல் விலையால் பெருக்குங்கள். அந்தத் தொகை ஒரு புது வண்டியின் வாரண்டியையும் நிம்மதியையும் விட்டுக்கொடுக்கப் போதுமானதா? எனக்குப் போதாது. நான் (அ) எடுப்பேன்.

நீலவானம்:
எல்லோரும் எஞ்சினுக்குள்ளேயே இருக்கிறீர்கள், வண்டிக்குள் உட்காரப் போகிறவர்களைப் பற்றி யாரும் பேசவில்லை.

தம்பி, குழந்தையின் சீட்டை எடுத்துக்கொண்டு ஷோரூம் போங்கள். பின்நோக்கி மாட்டும் சீட் என்றால் பின்சீட்டில் வைத்து ஐசோஃபிக்ஸ் கொக்கியில் பூட்டிவிட்டு, முன்சீட்டில் உயரமான ஒருவரை உட்கார வையுங்கள். பாதி ஹேட்ச்பேக் அங்கேயே கழிந்துவிடும், அவருடைய முழங்கால் டேஷ்போர்டில் இடிக்கும். அடுத்து அம்மாவை ஏற்றி இறக்குங்கள். தாழ்வான சீட்டில் "விழுந்து" உட்கார வேண்டியிருந்தால் முழங்கால் வலிக்காரர்களுக்குத் தினமும் தண்டனை. பின்கதவு எவ்வளவு அகலமாகத் திறக்கிறது என்று எந்த கேட்டலாக்கிலும் போடமாட்டார்கள், கையால் திறந்துதான் பார்க்கணும்.

உங்கள் பட்டியலில் ஹோண்டா ஜாஸ் ஏன் இல்லை? சில நாடுகளில் ஃபிட் என்று பெயர், 2001ல் ஜப்பானில் வந்த வண்டி. அதில் பெட்ரோல் டேங்க் முன்சீட்டுக்கு அடியில் இருக்கிறது. அதனால் பின்சீட்டின் உட்காரும் பகுதியைத் தியேட்டர் நாற்காலி மாதிரி மேலே மடக்கலாம், குழந்தையின் தள்ளுவண்டியை மடிக்காமலே நிறுத்தலாம். 2013ல் வந்த மூன்றாம் தலைமுறைக்கு டிக்கி 354 லிட்டர், யாரிஸுக்கு 286, 2017 ஸ்விஃப்டுக்கு 265. எங்கள் வீட்டில் இந்த ஒரு விஷயத்துக்காகவே மைலேஜில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தோம்.

கணக்குப்பிள்ளை ஐயா, "புது அடிப்படை மாடல் நிம்மதி" என்று மொத்தமாகச் சொல்லாதீர்கள். சில சந்தைகளில் அடிப்படை மாடலில்தான் பக்கவாட்டு ஏர்பேக், ஈஎஸ்சி (வண்டி சறுக்காமல் பிடிக்கும் ஏற்பாடு) இரண்டையும் கழற்றிவிட்டு விற்கிறார்கள். மோதல் சோதனைக்கு யூரோ என்கேப் தரும் நட்சத்திரத்தையும் ஆண்டோடு சேர்த்துப் படிக்கணும். சோதனை சில வருடங்களுக்கு ஒருமுறை கடினமாகிறது, 2010இன் ஐந்து நட்சத்திரமும் 2020இன் ஐந்து நட்சத்திரமும் ஒன்றில்லை.

பின்சீட்டுக்காரன்:
நன்றி அக்கா, கதவு அகலம் எனக்குத் தோன்றவே இல்லை. (அ)வின் விவரத்தாளைப் பார்த்தேன், ஈஎஸ்சி இருக்கிறது, பக்கவாட்டு ஏர்பேக் இல்லை. டீசலை அடித்துவிட்டேன். ஜாஸ் ஒன்று விசாரித்தேன், எங்கள் பக்கம் கிடைப்பதெல்லாம் அதிகம் ஓடிய சிவிடி (பெல்ட்டில் ஓடும் ஆட்டோமேட்டிக் கியர்) வண்டிகள், கியர்பாக்ஸ் ஆயில் மாற்றிய ரசீது ஒருவரிடமும் இல்லை.

இப்போது (ஆ) பக்கம் மனசு சாய்கிறது. ஆனால் பேட்டரி போனால் தலையில் துண்டு என்று ஆபீஸில் எல்லோரும் சொல்கிறார்கள். கிரீஸ்கை அண்ணே, உண்மையா? பழைய ஹைப்ரிடைச் சோதிப்பது எப்படி?

கிரீஸ்கை:
சிவிடிக்கு ஆயில் ரசீது இல்லைன்னு ஜாஸை விட்டீங்களே, அதுவே பாதி ஜெயிச்ச மாதிரி.

டொயோட்டா ஹைப்ரிட்ல பேட்டரிதான் எல்லாருக்கும் பயம். என்ன இல்லைங்கறதை யாரும் பார்க்கறதில்லை. கிளட்ச் இல்லை. ஸ்டார்ட்டர் மோட்டார் தனியா இல்லை. ஆல்டர்னேட்டர் இல்லை. பேரு ஈ-சிவிடின்னாலும் உள்ள பெல்ட் கிடையாது, பல்சக்கரம்தான். நின்னு நின்னு போற பாதையில சாதாரண மேனுவல் வண்டிக்கு முதல்ல தேயறது கிளட்சும் பிரேக் பேடும். இதுல பிரேக் போடறப்போ மோட்டாரே பாதி வேலையைச் செஞ்சு அந்தச் சக்தியைப் பேட்டரிக்கு அனுப்பிடுது, பேட் வருஷக்கணக்கா நிக்கும். உள்ளூர்ல மைலேஜ் ஏறறதும் அதனாலதான். நெடுஞ்சாலையில 110ல போனா பெரிய வித்தியாசம் எதிர்பார்க்காதீங்க, அங்க காத்து எதிர்ப்புதான் முதலாளி.

பேட்டரி பின்சீட்டுக்கு அடியில. அதுக்குக் காத்து இழுக்கற வாய் பின்சீட் பக்கத்துல இருக்கும். நாய் முடி, துணித் தூசு அடைச்சா பேட்டரி சூடாகி ஆயுசு குறையும். முதல்ல அதைத் திறந்து பாருங்க, முந்தின ஆள் வண்டியை எப்படி வெச்சிருந்தான்னு அதுவே சொல்லும். பேட்டரிக்கு வாரண்டி பல நாடுகள்ல 8 வருஷம். உங்க இடத்துல எவ்வளவு, பேர் மாத்தினா தொடருமான்னு எழுத்துல வாங்கிக்குங்க. வாயால சொன்னது செல்லாது.

அப்புறம் பார்க்கப் போறப்போ பேனட்டைத் தொட்டுப் பாருங்க. சில்லுன்னு இருக்கணும். "சும்மா இப்பதான் ஓட்டிப் பார்த்தேன்"னு சொன்னா இன்னொரு நாள் வர்றேன்னு கிளம்பிடுங்க. எஞ்சினோட குறை எல்லாம் முதல் ஸ்டார்ட்லதான் பேசும்.

வண்டி கம்ப்யூட்டரைப் படிக்கிற ஒரு சின்ன ஓபிடி ரீடர் கடன் வாங்கிட்டுப் போங்க. எரர் கோடு இல்லைன்னு காட்டினா மட்டும் நம்பாதீங்க. அதுலயே ரெடினஸ் மானிட்டர்னு ஒரு பக்கம் இருக்கும், வண்டி தன்னைத்தானே செஞ்சுக்கிற சோதனை எதெல்லாம் முடிஞ்சதுன்னு காட்டும். நாலஞ்சு "முடியவில்லை"ன்னு நின்னா யாரோ சமீபத்துல எரர் கோடை அழிச்சிருக்காங்க, இல்லைன்னா 12 வோல்ட் பேட்டரியைக் கழட்டியிருக்காங்க. டயர் பக்கவாட்டுல டிஓடி எழுத்து வரிசையோட கடைசி நாலு இலக்கம்: 2319னா 2019ஆம் வருஷம் 23ஆவது வாரம் செஞ்சது. ரொம்பக் குறைச்சு ஓடின வண்டின்னு சொல்றவங்க கிட்ட மூணாவது செட் டயர் இருந்தா ஏன்னு கேளுங்க. பிரேக் பெடல் ரப்பர், ஸ்டீயரிங் தோல், டிரைவர் சீட் ஓரம் மூணும் ஓடோமீட்டரோட ஒத்துப் போகணும்.

கணக்குப்பிள்ளை:
கிளட்ச் செலவை நான் கணக்கில் சேர்க்கவில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் (அ)வின் பக்கம் ஒன்று சொல்ல விடுங்கள். அந்த எஞ்சினில் வால்வுகளை இயக்குவது டைமிங் செயினா பெல்ட்டா என்று கேளுங்கள். பெல்ட் என்றால் எஞ்சின் ஆயிலிலேயே நனைந்து ஓடும் ரகமா என்பதையும் கேளுங்கள். அந்த ரகத்தில் பெல்ட் நைந்து, துகள் ஆயில் உறிஞ்சும் வலையை அடைத்த வழக்குகள் பல நாடுகளில் வந்திருக்கின்றன. செயின், டர்போ இல்லாமல், போர்ட் இன்ஜெக்‌ஷன் என்றால் என் ஓட்டு இன்னும் (அ)வுக்கே. அதில் பெட்ரோல் இன்டேக் வால்வு மேலேயே தெளிப்பதால் கரி படிவது குறைவு. புதிதாக வருபவற்றில் இப்படி எளிமையான எஞ்சின் குறைந்துகொண்டே போகிறது.

நீலவானம்:
பக்கவாட்டு ஏர்பேக் இல்லை என்று அவரே எழுதியிருக்கிறார் ஐயா. இரண்டு வயதுக் குழந்தை பின்சீட்டில்.

கணக்குப்பிள்ளை:
அது லிட்டர் கணக்கில் வராது. வாபஸ்.

பின்சீட்டுக்காரன்:
இரண்டு யாரிஸ் பார்த்துவிட்டு வந்தோம்.

முதலாவது வெள்ளை, குறைவாக ஓடியது, பளபளப்பு. பேனட் குளிர்ச்சி. ஆனால் ரீடரில் ஐந்து மானிட்டர் முடியாமல் நிற்கிறது. கேட்டால் 12 வோல்ட் பேட்டரி மாற்றினோம் என்கிறார்கள். இரண்டாவது சாம்பல் நிறம், முதலாவதைவிட 30,000 கி.மீ. அதிகம், பம்பரில் கீறல். மானிட்டர் எல்லாம் முடிந்திருக்கிறது, சர்வீஸ் ரசீது வரிசையாக இருக்கிறது, காற்று வாய் சுத்தம். அம்மா ஏறி இறங்கிவிட்டார். குழந்தை சீட் மாட்டினால் முன்னால் என் மனைவி உட்காரலாம், என்னால் முடியாது. ஓட்டுவது நான்தான் என்பதால் அது பரவாயில்லை.

வெள்ளையை விட மனமில்லை. 12 வோல்ட் பேட்டரி கதை உண்மையாக இருக்கலாம் அல்லவா?

கிரீஸ்கை:
இருக்கலாம். ஹைப்ரிட்ல அந்தச் சின்ன பேட்டரி, வண்டி வாரக்கணக்கா நின்னா இறங்கிடும், அப்புறம் வண்டி கிளம்பத் தயார்னு காட்டற ரெடி விளக்கே வராது. மாத்தறது சகஜம். பேட்டரி ரசீதும் தேதியும் கேளுங்க. அவங்களே ரெண்டு மூணு நாள் ஊருக்குள்ளயும் வெளியிலயும் ஓட்டட்டும், மானிட்டர் முடிஞ்சதும் நீங்க மறுபடி ரீடரை மாட்டுங்க. அதுக்குச் சம்மதிச்சா வெள்ளை. முடியாதுன்னா சாம்பல். 30,000 கி.மீ. அந்த எஞ்சினுக்கு ஒரு பொருட்டே இல்லை, கீறல் வண்டியை நிறுத்தாது.

பின்சீட்டுக்காரன்:
கேட்டேன். "வேறு ஆள் முன்பணத்தோடு நிற்கிறார்" என்று பதில். சாம்பலுக்கு முன்பணம் கொடுத்துவிட்டேன்! சனிக்கிழமை வண்டி எடுக்கிறேன். டிக்கி தரைப்பலகையைத் தூக்கினால் ஸ்டெப்னி இல்லை, பஞ்சர் அடைக்கும் திரவ பாட்டில் ஒன்றும் காற்றடிக்கும் சின்ன கம்ப்ரஸரும்தான். அது போதுமா?

கிரீஸ்கை:
ஆணி குத்தினா அந்தப் பாட்டில் காப்பாத்தும். பக்கவாட்டுல கிழிஞ்சா ஒண்ணுத்துக்கும் ஆகாது. பாட்டில் மேல காலாவதித் தேதி போட்டிருக்கும், ஐந்து வருட வண்டின்னா அனேகமாத் தாண்டியிருக்கும், பாருங்க. நீண்ட பயணம் போறவங்கன்னா ஒல்லி ஸ்டெப்னி ஒண்ணும் ஜாக்கியும் வாங்கிப் போட்டுக்குங்க, ஆனா அதுல மணிக்கு 80 கி.மீ. வேகத்துக்கு மேல போகக் கூடாது. சனிக்கிழமை சாவி வாங்கறப்போ சக்கரத்துக்குப் பூட்டு நட்டு இருக்கான்னு பார்த்து, இருந்தா அதோட சாவியையும் கேட்டு வாங்கிடுங்க. ரெண்டாவது ரிமோட்டும் வேலை செய்யுதான்னு அங்கேயே அமுக்கிப் பாருங்க.