வகைச் சான்றிதழ் எண் கேட்டு நிற்கிறது: முதல் ட்ரோனைப் பதிவு செய்ய உதவி தேவை

புதுச்சிறகு (சனிக்கிழமை, இரவு 9.40)

அனைவருக்கும் வணக்கம். போன வாரம் என் முதல் ட்ரோனை வாங்கினேன். பதிவு எண் இல்லாமல் பறக்கவிடக் கூடாது என்று நண்பர் ஒருவர் எச்சரித்ததால், அரசின் தளத்தில் கணக்குத் தொடங்கி டி-2 படிவத்தை நிரப்ப உட்கார்ந்தேன். பெயர், முகவரி எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்ட தளம் அடுத்த பக்கத்தில் வகைச் சான்றிதழ் எண்ணைக் கேட்கிறது. அதை நிரப்பாமல் மேலே போக விடுவதில்லை. பெட்டியின் ஆறு பக்கமும் தேடிவிட்டேன், அப்படி ஓர் எண் எங்கும் அச்சிடப்படவில்லை. வரும் வெள்ளிக்கிழமை தங்கையின் வளைகாப்பு. அன்று எங்கள் வீட்டு மாடியிலிருந்து பறக்கவிட்டுப் படம் எடுப்பதாக எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். தயவுசெய்து விரைவாக ஒரு வழி சொல்லுங்கள்.

தூக்கணாங்குருவி (இரவு 9.52)

எந்த மாடல், எடை எவ்வளவு, புதியதா பழையதா, கடையில் பில் கொடுத்தார்களா, எந்த ஊர் என்று ஒன்றையுமே நீங்கள் சொல்லவில்லை. இவை தெரியாமல் வழி சொன்னால் அது ஊகமாகத்தான் இருக்கும்.

கருடன்62 (இரவு 10.05)

இது சான்றிதழ்ச் சிக்கலே அன்று, பாஸ்போர்ட் சிக்கல். என் மைத்துனர் விண்ணப்பித்தபோதும் படிவம் இப்படித்தான் பாதியில் நின்றது. பாஸ்போர்ட் எண்ணைச் சேர்த்த பிறகே நகர்ந்தது. உங்களிடம் பாஸ்போர்ட் இல்லையென்றால் முதலில் அதற்கு விண்ணப்பியுங்கள், தட்கல் முறையில் விரைவாகக் கிடைத்துவிடும்.

வடக்குவாடை (இரவு 10.18)

கருடன் அண்ணா, அது பழைய கதை. 2024 ஆகஸ்டில் விதிகளைத் திருத்தியபோது ட்ரோனைப் பதிவு செய்வதற்கும் இன்னொருவர் பெயருக்கு மாற்றுவதற்கும் பாஸ்போர்ட் கட்டாயமில்லை என்று ஆக்கிவிட்டார்கள். வாக்காளர் அட்டை, குடும்ப அட்டை, ஓட்டுநர் உரிமம் ஆகியவற்றில் ஒன்று இருந்தால் போதும். வளைகாப்புக்குப் படம் எடுக்க நினைப்பவரை பாஸ்போர்ட் அலுவலகத்துக்கு அனுப்பிவிடாதீர்கள்.

மூத்தகழுகு (இரவு 10.41)

தம்பி, இதே கேள்வி இந்த மாதத்தில் மூன்றாவது முறையாக இங்கே வருகிறது. எந்த நிறத்தில் வாங்குவது என்று ஒரு மாதம் யோசிப்பவர்கள் விதிகளை வாசிக்க ஒரு மணி நேரம் ஒதுக்குவதில்லை. அது எனக்குப் பழகிவிட்டது.

2021 ஆகஸ்ட் 25 அன்று அறிவிக்கப்பட்ட ட்ரோன் விதிகள், மேலே ஏற்றிச் செல்லும் சுமையையும் சேர்த்த மொத்த எடையை வைத்து வகை பிரிக்கின்றன. 250 கிராம் வரை நானோ, அதற்கு மேல் 2 கிலோ வரை மைக்ரோ. அதற்கும் மேலே உள்ள மூன்று வகைகள் உங்கள் வளைகாப்புக்கு வரப்போவதில்லை. வகைச் சான்றிதழ் என்பது வாங்குபவர் போய் வாங்கி வரும் தாள் அன்று. ஒரு மாடலைத் தயாரித்தவர் அதைச் சோதனைக்கு உட்படுத்தி, அந்த மாடல் முழுவதற்குமாகப் பெறுவது. நானோவுக்கு அது தேவையே இல்லை. தளம் அந்த எண்ணைக் கேட்கிறதென்றால் நீங்கள் வகைப் பட்டியலில் நானோவைத் தொடவில்லை என்று பொருள். எதைத் தொட்டீர்கள் என்பதை மட்டும் மறைத்துவிட்டு உதவி கேட்பது, மருத்துவர் முன்னால் உட்கார்ந்து எங்கே வலிக்கிறது என்று சொல்லாமல் மாத்திரை கேட்பதற்குச் சமம்.

புதுச்சிறகு (இரவு 11.10)

மன்னிக்கவும் ஐயா, மறைக்கவில்லை, அவசரத்தில் விட்டுப்போயிற்று. மைக்ரோ என்றுதான் தேர்ந்தெடுத்தேன். கடைக்காரர் இதை நானோ என்றார், ஆனால் வீட்டுச் சமையலறைத் தராசில் வைத்தபோது 289 கிராம் காட்டியது. பொய்யாக நிரப்பக் கூடாது என்பதால் மைக்ரோ போட்டேன். மடக்கக்கூடிய வெளிநாட்டு மாடல், கேமரா உள்ளது.

வடக்குவாடை (இரவு 11.19)

பொய் சொல்லாதது நல்லது. ஒரு சந்தேகம்: பெட்டியில் இரண்டு பேட்டரிகள் இருந்தனவா? இருந்தால் ஒன்று மற்றொன்றைவிடத் தடிமனாக இருக்கிறதா என்று பாருங்கள். இந்த வகைச் சிறிய மாடல்கள் சிலவற்றுக்குக் கூடுதல் நேரம் பறப்பதற்கென்று ஒரு பெரிய பேட்டரி உண்டு. அதைச் செருகினால் ஏறத்தாழ 40 கிராம் கூடிவிடும். சிறிய பேட்டரி, மெமரி கார்டு, நான்கு இறக்கைகள் ஆகியவற்றோடு, இறக்கைக் காப்பு வளையத்தைக் கழற்றிவிட்டு மறுபடி எடை போடுங்கள். தராசில் தட்டை வைத்துப் பூஜ்யமாக்கிய பிறகே ட்ரோனை வையுங்கள்.

புதுச்சிறகு (இரவு 11.34)

நீங்கள் சொன்னது சரி. மெல்லிய பேட்டரியுடன் 248 கிராம். தடித்ததைப் போட்டால் மறுபடி 289. என் அம்மா, நள்ளிரவில் ரவை நிறுக்கும் தராசில் என்ன வேலை என்று எழுந்து வந்து கேட்கிறார்.

தூக்கணாங்குருவி (இரவு 11.40)

அப்படியானால் பாதி வேலை முடிந்தது. மெல்லிய பேட்டரியோடு மட்டும் பறக்கவிடுவதென்று உறுதியாக இருந்தால் நானோ என்று நிரப்புங்கள். வகைச் சான்றிதழுக்குப் பதிலாக ட்ரோனின் தொடர் எண், பறப்பைக் கட்டுப்படுத்தும் பாகத்தின் தொடர் எண், ரிமோட்டின் தொடர் எண் ஆகிய மூன்றும் தேவைப்படும். முதல் எண் பெரும்பாலும் பேட்டரியைக் கழற்றினால் தெரியும் குழிக்குள், எறும்பு வரிசை போன்ற எழுத்தில் ஒட்டப்பட்டிருக்கும். கைப்பேசியில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் படியுங்கள். மற்றவற்றை ட்ரோனின் செயலியில், அமைப்புகளின் கடைசிப் பக்கத்தில் தேடுங்கள். பூஜ்யத்தையும் ஆங்கில ஓ எழுத்தையும் மாற்றித் தட்டிவிடாதீர்கள். கட்டணம் 100 ரூபாய்தான். நானோவுக்கு மூன்றாம் தரப்புக் காப்பீடும், ட்ரோனைப் பறக்கவிடுபவர் பெறும் இயக்குநர் சான்றிதழும் தேவையில்லை.

வயல்வெளி (ஞாயிற்றுக்கிழமை, காலை 6.15)

எதற்கு இத்தனை பாடு? நானோவுக்குப் பதிவு எண்ணே தேவையில்லை. ஐம்பது அடிக்குக் கீழே, சொந்த இடத்தில் பறக்கவிட்டால் யாரும் கேட்க முடியாது. நான் பல ஆண்டுகளாக என் தென்னந்தோப்பில் அப்படித்தான் பறக்கவிடுகிறேன்.

மூத்தகழுகு (காலை 7.02)

வயல்வெளி ஐயா சொல்வது 2018 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த பழைய ஏற்பாடு. அந்த ஐம்பது அடிச் சலுகை அதோடு போய்விட்டது. 2021 விதிகளில் நானோவுக்கு விலக்குத் தந்த இடங்களில் எல்லாம் விலக்கு என்று வெளிப்படையாக எழுதியிருக்கிறார்கள்: வகைச் சான்றிதழில் விலக்கு, காப்பீட்டில் விலக்கு, இயக்குநர் சான்றிதழில் விலக்கு. பதிவு எண்ணைப் பற்றிய இடத்தில் அப்படி ஒரு வரி இல்லை. விதிகளை மீறினால் அபராதம் ஒரு லட்சம் ரூபாய் வரை போகலாம்.

வயல்வெளி (காலை 7.20)

யாரும் கேட்டதில்லை என்பதுதான் என் அனுபவம். எழுதியிருப்பது ஒன்று, நடப்பது ஒன்று. நூறு ரூபாய்க்காகச் சொல்லவில்லை. தொடர் எண், செயலி என்று கிராமத்து மனிதரை அலைய வைப்பது எதற்கு என்றுதான் கேட்கிறேன்.

மூத்தகழுகு (காலை 7.31)

யாரும் கேட்டதில்லை என்பது ஒரு விதி அன்று, ஐயா. ஹெல்மெட் போடாமல் பல ஆண்டுகள் ஓட்டியவர்களும் இதையேதான் சொல்வார்கள்.

வடக்குவாடை (காலை 8.10)

இருவரும் இதைத் தனியாகப் பேசிக்கொள்ளலாம். புதுச்சிறகு, நேற்றே தூக்கணாங்குருவி கேட்டும் நீங்கள் ஊரைச் சொல்லவில்லை. வீடு எங்கே இருக்கிறது? அரசின் டிஜிட்டல் ஸ்கை தளத்திலுள்ள வான்வெளி வரைபடத்தில் உங்கள் மாடி எந்த நிறத்தில் வருகிறது?

புதுச்சிறகு (காலை 9.45)

கோயம்புத்தூர், காளப்பட்டி. சொந்த வீட்டு மாடி என்பதால் இடம் முக்கியமில்லை என்று நினைத்தேன். இப்போது வரைபடத்தைத் திறந்து பார்த்தேன், சிவப்பாக இருக்கிறது.

தூக்கணாங்குருவி (காலை 9.58)

இதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். காளப்பட்டியிலிருந்து பார்த்தால் விமானம் சக்கரத்தை இறக்குவது தெரியுமே! பச்சை மண்டலத்தில் 400 அடி வரை முன் அனுமதி தேவையில்லை. விமான நிலையத்தின் சுற்றெல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டர் வரை உள்ள பகுதியில் அந்த அளவு 200 அடியாகச் சுருங்கும். மஞ்சளுக்கு வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அதிகாரியின் அனுமதி வேண்டும், சிவப்புக்கு மத்திய அரசின் அனுமதி வேண்டும். நானோ என்பதற்காக சிவப்பு மண்டலம் பச்சை ஆகாது, மாடி உங்களுடையது என்பதற்காகவும் ஆகாது. பதிவு எண் நாளைக்கே கிடைத்தாலும் வெள்ளிக்கிழமை அந்த மாடியிலிருந்து பறக்கவிட முடியாது என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

கருடன்62 (காலை 10.20)

வளைகாப்பை ஒரு மண்டபத்துக்குள் வைத்துக்கொண்டால் கூரைக்குக் கீழே பறக்கவிடலாமே?

வடக்குவாடை (காலை 10.26)

சுழலும் நான்கு இறக்கைகளை, வளையல் அடுக்க உட்கார்ந்திருக்கும் நிறைமாதப் பெண்ணின் தலைக்கு மேல் முதன்முதலாகப் பழகப் போகிறாரா, அண்ணா? ஜிபிஎஸ் கிடைக்காத கூரைக்குக் கீழே புதியவர் கையில் அது ஓரிடத்தில் நிற்காது.

மூத்தகழுகு (காலை 11.15)

எல்லோரும் மேலே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். நான் கீழே, பில்லைப் பார்க்கச் சொல்கிறேன். வெளிநாட்டு மாடல் என்று தம்பி எழுதியிருக்கிறார். 2022 பிப்ரவரி 9 முதல் முழுமையாகக் கட்டப்பட்ட ட்ரோனையும், பிரித்துக் கொண்டுவந்து இங்கே சேர்க்கும் ட்ரோனையும் இறக்குமதி செய்வது தடை செய்யப்பட்டிருக்கிறது. ஆராய்ச்சி, பாதுகாப்பு போன்ற தேவைகளுக்குத்தான் விலக்கு. உதிரி பாகங்களுக்குத் தடையில்லை. ஆகவே அந்தப் பெட்டி நாட்டுக்குள் எப்போது, எந்த வழியாக வந்தது என்பதுதான் முதல் கேள்வி. எடையைச் சரிசெய்து படிவத்தை நகர்த்திவிடலாம். வந்த வழியைச் சரிசெய்ய எந்தப் படிவமும் இல்லை. ஜிஎஸ்டி எண் போட்ட பில் இருக்கிறதா?

புதுச்சிறகு (பிற்பகல் 2.30)

துண்டுச் சீட்டில் தொகையை மட்டும் எழுதிக் கொடுத்தார்கள். பில் போட்டால் வரி சேர்ந்து விலை ஏறிவிடும் என்றார்கள். நானும் சரி என்றுவிட்டேன்.

தூக்கணாங்குருவி (பிற்பகல் 2.44)

ட்ரோன்களுக்கான ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம்தான். அந்தச் சிறு தொகையை மிச்சப்படுத்தவா உங்களுக்குப் பில் மறுத்தார்கள் என்று யோசித்துப் பாருங்கள். இறக்குமதித் தாள்களின் நகலும் முறையான பில்லும் கேளுங்கள். தர மறுத்தால் பொருளைத் திருப்பிக் கொடுங்கள். நான்கு நாட்களில் யாரும் இதைச் சீராக்க முடியாது. வளைகாப்புக்கு நல்ல புகைப்படக்காரர் ஒருவரைச் சொல்லிவையுங்கள்.

கருடன்62 (பிற்பகல் 3.05)

துபாயிலிருந்து வரும் உறவினரிடம் சொல்லி ஒன்றை வாங்கிவரச் செய்தால் பில் முறையாக இருக்குமே?

மூத்தகழுகு (பிற்பகல் 3.12)

இப்போதுதான் தடை என்று எழுதினேன். பயணப் பெட்டியில் வந்தாலும் இறக்குமதி இறக்குமதிதான். சுங்க அறிவிப்புப் படிவத்தில் ட்ரோனுக்கென்றே ஒரு வரி இருக்கிறது. மேலே உள்ளதை வாசித்துவிட்டுப் பதில் எழுதும் பழக்கம் இந்த இடத்துக்கு என்றுதான் வருமோ!

புதுச்சிறகு (புதன்கிழமை, இரவு 8.50)

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கடையில் தாள் எதுவும் இல்லை என்று ஒப்புக்கொண்டார்கள். பெட்டி பிரிக்கப்பட்டது என்று சொல்லி ஒரு தொகையைப் பிடித்துக்கொண்டு மீதியைத் தந்தார்கள். உள்நாட்டில் தயாரித்த நானோ ஒன்றைப் பில்லுடன் வாங்கலாம் என்றிருக்கிறேன், பார்க்கலாம். உடுமலைப்பேட்டைப் பக்கம் சித்தப்பாவின் தோப்பு வரைபடத்தில் பச்சையாகத்தான் தெரிகிறது. அனைவருக்கும் நன்றி.

வடக்குவாடை (இரவு 9.15)

எவ்வளவு பிடித்துக்கொண்டார்கள்? உங்கள் கணக்கில் பாதியில் நிற்கும் அந்த விண்ணப்பத்தை நீக்கிவிட்டீர்களா? பழைய தொடர் எண்ணோடு அது அங்கேயே கிடந்தால், அதே ட்ரோனை நாளைக்கு வேறொருவர் வாங்கிப் பதிவு செய்ய வரும்போது உங்கள் பெயரோடு சிக்கிக்கொள்ளலாம்.

வயல்வெளி (வியாழக்கிழமை, காலை 6.05)

தோப்பில் ஐம்பது அடிக்குக் கீழே பறக்கவிடுங்கள் தம்பி, தென்னை மட்டையில் மட்டும் மாட்டிவிடாதீர்கள். மூத்தகழுகு ஐயா, அந்த விதிகளை நேற்று முழுவதும் வாசித்தேன். நீங்கள் சொன்ன விலக்குகள் இருக்கின்றன, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பதிவு பற்றிய இடத்தில் 'விலக்களிக்கப்பட்டாலன்றி' என்று ஒரு சொல் வருகிறதே, அது நானோவைக் குறிப்பதாக ஏன் இருக்கக் கூடாது?

மூத்தகழுகு (காலை 7.00)

ஏனென்றால் அந்த விலக்கு வேறு எந்த விதியிலாவது நானோவின் பெயர் சொல்லித் தரப்பட்டிருக்க வேண்டும். அது எந்த விதியில் இருக்கிறது என்று எண்ணோடு காட்டுங்கள், பேசுவோம்.