ஜே-1 பயிற்சி விசா: முதல் தடவை மறுத்தார்கள், இரண்டாம் தடவை தந்தார்கள்

அமெரிக்கப் பயிற்சி விசா பற்றிக் கனபேர் கேட்டுக்கொண்டே இருப்பதால் என் கதையை எழுதுகிறேன். 2024இல் போனேன். 12 மாதம் ஒரு ஹோட்டலில் பயிற்சி முடித்துவிட்டு ஊருக்கு வந்துவிட்டேன். முதல் நேர்முகத்தில் விசா கிடைக்கவில்லை. பிழை பாதி என்னுடையது, பாதி எனக்குப் பேப்பர் செய்து தந்த ஏஜென்டுடையது.

"தம்பி, இதுவும் வேலை விசா மாதிரித்தான், போய் இறங்கினால் சரி" என்றார் அவர். நானும் நம்பினேன். டிஎஸ்-7002 என்று ஒரு பயிற்சித் திட்டம் வந்தது. என்னைப் பொறுப்பெடுக்கும் ஸ்பொன்சர் நிறுவனம், பயிற்சி தரும் ஹோட்டல், நான் என மூன்று தரப்பும் கையெழுத்து வைக்க வேண்டிய பத்திரம் அது. கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் கையெழுத்தை மட்டும் வைத்தேன். உள்ளே என்ன இருக்கிறது என்று வாசிக்கவில்லை.

இரவு பஸ்ஸில் கொழும்புக்குப் போய், வெள்ளவத்தையில் மாமி வீட்டில் முகம் கழுவிக்கொண்டு காலையில் தூதரகத்துக்குப் போனேன். கைபேசியை உள்ளே விடமாட்டார்கள், மாமி வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த அதிகாரி ஒன்றைத்தான் கேட்டார்: "மூன்று வருடமாக ரிசெப்ஷனில் நிற்கிறீர்கள். அங்கே போய்ப் புதிதாக என்ன படிக்கப் போகிறீர்கள்?" "அனுபவம் எடுக்க" என்றேன். இன்னும் இரண்டு கேள்வி, பிறகு கையில் ஒரு தாள். அமெரிக்கக் குடிவரவுச் சட்டத்தின் 214(பி) பிரிவு. திரும்பி வருவேன் என்று அவரை நம்ப வைக்க முடியவில்லை என்பதுதான் அதன் சாரம்.

வீட்டில் செத்த வீடு மாதிரி. எனக்கோ அன்றிரவுதான் அந்தத் திட்டத்தை முதல் தடவையாக முழுதாக வாசிக்கத் தோன்றியது. ஹோட்டல் துறைப் பயிற்சி என்றால் 12 மாதம்தான் உச்சம், மற்றப் பல துறைகளுக்கு 18 மாதம் வரை தருவார்கள். ஆறு மாதமோ அதற்கு மேலோ என்றால் குறைந்தது மூன்று பிரிவுகளில் மாறி மாறிப் பழக்க வேண்டும். எழுத்தர் வேலை 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. என் மூன்றாவது பிரிவு அறை விலை நிர்ணயம். எந்த நாளுக்கு எந்த விலை போடுவது என்று கணக்குப் பார்க்கும் வேலை.

அதை வாசித்தவுடன் எனக்கு நல்லூர்தான் ஞாபகம் வந்தது. திருவிழா 25 நாளும் எங்கள் ஹோட்டலில் அறை கிடையாது. முடிந்த அடுத்த கிழமை திறப்புகள் எல்லாம் ஆணியிலேயே தொங்கும். விலையை முதலாளி காலண்டரில் பென்சிலால் எழுதுவார், கொடியேற்றத்துக்கும் தேருக்கும் ஒரே விலை.

இரண்டாம் நேர்முகத்தில் இதைத்தான் சொன்னேன், என் ஓட்டை ஆங்கிலத்தில். அதிகாரி சிரித்தார். "திரும்பிப் போய் அதே ஹோட்டலிலா?" என்றார். முதலாளி தந்த கடிதத்தைக் காட்டினேன். விசா கிடைத்தது. கடிதத்தைவிட அந்தக் காலண்டர் கதைதான் உதவியது என்று நினைக்கிறேன்.

காசு விஷயம்: விசாக் கட்டணம் 185 டொலர், இரண்டு தடவையும் கட்டினேன். செவிஸ் (வெளிநாட்டு மாணவர், பயிலுநர் விபரங்களை அமெரிக்கா பதிந்துவைக்கும் முறை) கட்டணம் 220 டொலர். மறுக்கப்பட்டு 12 மாதத்துக்குள் அதே வகைக்கு விண்ணப்பித்தால் அதைத் திரும்பக் கட்டத் தேவையில்லை. ஏஜென்ட் என்னிடம் இரண்டாம் தடவையும் அதற்குக் காசு கேட்டார், பாருங்கோவன்.

தகுதி கேட்பவர்களுக்கு: பட்டமோ தொழில்சார் சான்றிதழோ இருந்தால் அந்தத் துறையில் ஒரு வருட வேலை அனுபவம் போதும், இல்லாவிட்டால் ஐந்து வருடம். இன்னும் படித்துக்கொண்டிருப்பவர்களும் படிப்பு முடித்து 12 மாதம் ஆகாதவர்களும் இன்டேர்ன் வகையில் போகலாம்.

மறுமொழி, கிளிநொச்சியிலிருந்து

அண்ணை, நான் போனது ஜப்பானுக்கு, வெல்டிங் பயிலுநராக. 1993இல் தொடங்கிய திட்டம் அது. பேர்தான் பயிற்சி, முழுநாள் வேலை. நினைத்தபடி கொம்பனி மாற முடியாது, நல்ல முதலாளி வாய்ப்பது அவரவர் பலன். அதை எடுத்துவிட்டு 2027இல் புது முறை கொண்டுவருகிறார்கள், சட்டம் 2024இலேயே நிறைவேறிவிட்டது. அதில் குறிப்பிட்ட காலம் கழித்து, நிபந்தனையோடு இடம் மாறலாம்.

போய் இறங்கியதும் ஒரு மாதம் வகுப்பு. குப்பை பிரிப்பது, சைக்கிள் ஓடும் விதி, அவசர இலக்கங்கள். எங்கள் ஊரில் 119 பொலிஸ், 110 தீயணைப்பு. அங்கே அப்படியே மாறி, 110 பொலிஸ், 119 தீயணைப்பும் அம்புலன்சும். அறையில் ஒருத்தனுக்கு வயிற்றுக்குத்து வந்த இரவு நான் 110க்கு அடித்து, பொலிஸ்காரர் இரண்டு பேர் வாசலில் வந்து நின்றார்கள். நல்ல மனுசர், அம்புலன்சையும் அவர்களே கூப்பிட்டார்கள்.

மறுமொழி, மானிப்பாயிலிருந்து

மகளுக்கு ஆஸ்திரேலியா 407 பயிற்சி விசா பார்க்கிறோம். இரண்டு வருடம் வரை என்கிறார்கள். ஸ்பொன்சர் யார் என்று கேட்டால் "அதெல்லாம் பிறகு, முதலில் அட்வான்ஸ்" என்கிறார் ஒருவர். கட்டலாமா?

எழுதியவர்

கட்டாதீங்கோ அம்மா. அந்த விசாவுக்கு ஸ்பொன்சர் இல்லாமல் விண்ணப்பமே இல்லை. நிறுவனத்தின் பெயரைக் கேளுங்கோ, மகளுக்கு என்ன பழக்கப் போகிறார்கள் என்று எழுத்தில் கேளுங்கோ. தரமாட்டேன் என்றால் எழும்பி வந்துவிடுங்கோ.

மறுமொழி, மானிப்பாயிலிருந்து

நன்றி தம்பி. வந்த பிறகு அந்த விலைக் கணக்கு உதவியதா?

எழுதியவர்

அதே ஹோட்டல்தான். வந்த வருடத் திருவிழாவுக்குத் தேரன்று விலையைக் கூட்டினேன். இரண்டு அறை காலியாகக் கிடந்தது. முதலாளி இன்றைக்கும் அதைச் சொல்லிக்காட்டுவார், மற்ற 24 நாளையும் பற்றி மூச்சு விடமாட்டார்.