கருப்பு டி-ஷர்ட்டில் வெள்ளை பிளாஸ்டிசால் (ஸ்கிரீன் பிரிண்ட் இங்க்) வெடிக்கிறது, பிக்ஸர் எவ்வளவு சேர்க்கணும்?

கேள்வி
துணி 180 ஜிஎஸ்எம் சிங்கிள் ஜெர்சி, 100% காட்டன். ஸ்கிரீன் 43டி மெஷ் (செ.மீ.க்கு 43 நூல்), பிளாஷ் (இடையில் சில விநாடி சூடு காட்டி இங்க்கை லேசாக உறைய வைப்பது) போடாமல் ஸ்குவீஜியால் தொடர்ந்து மூன்று இழுப்பு. பிறகு ஹீட் கன்னில் இரண்டு நிமிடம். கையில் ஒட்டவில்லை. ஆனால் இரண்டாவது துவைப்பிலேயே காய்ந்த வயல் மாதிரி பிளக்கிறது. இங்க்கில் பிக்ஸர் (பிரிண்ட்டைத் துணியில் பிடிக்க வைக்கும் கெமிக்கல்) கலக்கச் சொல்கிறார்கள். எத்தனை சதவீதம்?

பதில் 1
காட்டனுக்கு அடிக்கும் பிளாஸ்டிசாலில் பிக்ஸர் ஒரு சொட்டுகூட வேண்டாம். அது பைண்டர் (பசை) போட்ட பிக்மென்ட் பேஸ்ட்டுக்கு. பிளாஸ்டிசால் என்பது பிவிசி தூளும் பிளாஸ்டிசைசரும். காற்றில் காயவே காயாது, சூட்டில்தான் உருகி ஒன்றாகும். சாதாரண இங்க்குக்கு அந்தச் சூடு சுமார் 160 டிகிரி, அதுவும் துணியை ஒட்டிய அடி இங்க் வரைக்கும். ஹீட் கன்னில் மேல்தோல் வெந்துவிடும், அடி பச்சையாகவே நிற்கும். வெள்ளை வேறு சூட்டைத் திருப்பி அடிக்கும், படலமும் கனம்.

கையில் ஒட்டாததெல்லாம் கணக்கே இல்லை. பிளாஷ் சூட்டிலேயே அது வந்துவிடும்.

கன்வேயர் (பெல்ட்டில் துணி ஓடும் டிரையர்) இல்லையென்றால், பிளாஷ் காட்டிய பிறகு ஹீட் பிரஸ்: 160–165 டிகிரி, 40 விநாடி, மேலே டெஃப்ளான் ஷீட், லேசான அழுத்தம். கன்வேயர் இருந்தால் மீட்டரை நம்பாதீர்கள், அது பேனல் சூடு. டெம்பரேச்சர் ஸ்ட்ரிப்பை (சூட்டுக்கு நிறம் மாறும் பட்டை) பிரிண்ட் பக்கத்தில் ஒட்டி உள்ளே விடுங்கள். துணியில் ஈரம் இருந்தால் முதலில் அது ஆவியாகத்தான் சூடு செலவாகும், மழைக்காலத்தில் பெல்ட்டைக் கொஞ்சம் மெதுவாக்குங்கள்.

ஆறியதும் இரண்டு கட்டைவிரலாலும் பிரிண்ட்டை இழுங்கள். துணி விரிகிற அளவுக்கு இங்க்கும் விரிந்து திரும்பினால் வெந்திருக்கிறது.

பதில் 2
மூன்று இழுப்பைத் தொடர்ந்து போடுவதும் தப்பு. ஒரு இழுப்பு, பிளாஷ் 4–5 விநாடி, ஆறவிட்டு இன்னொரு இழுப்பு. ஆஃப்-கான்டாக்ட் (ஸ்கிரீனுக்கும் துணிக்கும் இடைவெளி) 2–3 மி.மீ. விடுங்கள். ஸ்கிரீன் துணியில் படிந்தே கிடந்தால் இங்க் மேலே நிற்காமல் நூலுக்குள் இறங்கும், கருப்பு எட்டிப் பார்க்கும். அதை மறைக்கத்தான் எல்லோரும் கூடுதல் இழுப்பு போடுகிறார்கள். மெஷ் தொய்ந்திருந்தால் வேறு எதைச் செய்தும் பயனில்லை, மாற்றிவிடுங்கள்.

பிளாஷை ரொம்பக் காட்டினாலும் வம்பு, அடி லேயர் முழுசாக வெந்தால் மேல் லேயர் பிடிக்காது. பிளப்பு விழுந்தால் வேக்காடு போதவில்லை. தோல் மாதிரி உரிந்தால் பிளாஷ் அதிகம்.

கேட்டவர்
நன்றி. அடுத்த ஆர்டர் மெரூன் பாலியஸ்டர் ஜெர்சி. இதே 160 தானா?

பதில் 1
வேண்டாம். அந்தச் சூட்டில் பாலியஸ்டரின் டிஸ்பெர்ஸ் சாயம் ஆவியாகி இங்க்குக்குள் ஏறும். அன்றைக்கு வெள்ளையாகத் தெரியும், பேக் செய்த இரண்டு நாளில் ரோஸ் ஆகிவிடும். சுமார் 130 டிகிரியில் வேகும் லோ-கியூர், லோ-பிளீட் (சாயம் எளிதில் ஏறாத) வெள்ளை வாங்குங்கள். அடியில் சாயத்தைத் தடுக்கும் கிரே பிளாக்கர் இங்க் ஒரு கோட். சூடாக இருக்கும்போது அடுக்கவே கூடாது. ஒரு பீஸ் அடித்து மூன்று நாள் வைத்துப் பார்த்துவிட்டு பல்க்கில் இறங்குங்கள்.