லின்ட்டில் விழுந்தால் பில்டையே நிறுத்துவதா?

கோப்பி_ஓ:
தெரியாதவர்களுக்கு: லின்ட் என்பது கோடை ஓட்டாமலே படித்துக் குறை சொல்லும் கருவி, பில்ட் என்பது கோடைச் சோதித்து வெளியிடத் தயாராக்கும் தானியங்கி வேலை. நேற்று செங்காங்வாசி எழுதியது இது: "லின்ட் பிழை ஒன்றே ஒன்று வந்தாலும் பில்ட் நிற்க வேண்டும், அப்படி வைக்காதவன் சோம்பேறி." அந்தச் சோம்பேறி நான்தான் ஐயா. வெள்ளிக்கிழமை இரவு ஒன்பது மணிக்கு நான்கு மொழிச் செயலி ஒன்றை வெளியே விட வேண்டும், மூன்று மொழியும் பச்சை, தமிழ் மட்டும் சிவப்பு. வரியில் இருந்தது 'உங்கள் விண்ணப்பம் ஏற்றுக்கொள்ளப்பட்டது'. இடைவெளியோடு எண்ணிப் பாருங்கள், 24. பைதான் நிரல்மொழி 38 என்கிறது! புள்ளிக்குத் தனிக் கணக்கு, கொம்புக்குத் தனிக் கணக்கு. முன்னால் இருந்த நீள மாறிப் பெயரும் சேர்ந்து 84 ஆகி, வரி நீளம் 79-ஐத் தாண்டிவிட்டது, ஈ501 பிழை என்று லின்ட் கழுத்தைப் பிடித்தது.

செங்காங்வாசி:
அதே வாக்கியம் ஆங்கிலத்தில் 34. நான்கு எழுத்துக்கா இந்த ஒப்பாரி? பைதானின் எழுத்துநடைக் கையேடான பெப் 8 சொல்வது 79, குழு ஒத்துக்கொண்டால் 99 வரை போகலாம் என்றும் அதிலேயே இருக்கிறது, அமைப்புக் கோப்பில் ஒரு வரி மாற்றினால் போதும். படித்தால்தானே தெரியும். லின்ட் என்றால் வரி நீளம் மட்டும் என்று யார் சொன்னது? 2014-ல் ஆப்பிளில், பிழைப் பகுதிக்குத் தாவச் சொல்லும் 'கோட்டு ஃபெயில்' வரி இரண்டு முறை ஒட்டிக்கொண்டு, இணையத் தொடர்பைக் காக்கும் எஸ்எஸ்எல்லின் கையொப்பச் சரிபார்ப்பே நடக்காமல் போனது. இதற்குக் கீழே உள்ள கோட் ஓடவே ஓடாது என்று ஓர் எச்சரிக்கை வந்து பில்ட் நின்றிருந்தால் மாட்டியிருக்கும்.

கோப்பி_ஓ:
ஆப்பிளை ஏன் இழுக்கிறீர்கள்? 24-ஆ 38-ஆ, அதைச் சொல்லுங்கள்.

பழைய_சி_காரன்:
லின்ட்டை 1978-ல் பெல் லேப்ஸ் ஆய்வுக்கூடத்தில் ஸ்டீபன் ஜான்சன் எழுதியபோது அது, கோடை இயந்திர மொழியாக்கும் கம்பைலருக்கு வெளியே ஒரு தனி நிரல், வேண்டுமென்றால் ஓட்டுவோம். துணியில் ஒட்டும் பஞ்சுத் துகளுக்கு உள்ள பெயர்தான் அது. சட்டையில் பஞ்சு இருக்கிறது என்று கல்யாணத்துக்கே போகாமல் இருப்பீர்களா? வரிக்கு 80 எழுத்து என்பதும் துளை அட்டைக் காலத்து அளவு. லினக்ஸின் உட்கருவான கெர்னலின் சோதனைக் கருவியே 2020-ல் எச்சரிக்கை எல்லையை 100-க்கு ஏற்றிவிட்டது.

புதுப்பையன்:
அண்ணே, கோடைப் பதிவு செய்யும் கமிட்டில், சோதனையைத் தவிர்க்கும் 'நோ வெரிஃபை' போட்டால் போய்விடாதா? எங்கள் ஆபீஸில் எல்லாரும் அப்படித்தான்.

செங்காங்வாசி:
அது உன் லேப்டாப்பில் கமிட்டின்போது ஓடும் சோதனையான ஹூக்கைத்தான் தாண்டும் தம்பி, சர்வரில் ஓடும் பில்ட் அப்படியே பிடிக்கும். அதற்காகத்தான் பில்டில் வை என்கிறேன். உனக்கு யார் வேலை கற்றுக்கொடுக்கிறார்கள் என்று நன்றாகத் தெரிகிறது.

கோப்பி_ஓ:
தம்பி மேல் ஏன் பாய்கிறீர்கள்? போன வருடம் வரியை உள்தள்ள டேபா ஸ்பேஸா என்ற சண்டையிலும் இதே குத்தல்தான், மறக்கவில்லை. சரி, விஷயத்துக்கு வாருங்கள். 'சிங்கப்பூர்' எத்தனை எழுத்து? ஆறு. பைதானைக் கேட்டால் பதினொன்று. ஒன்றாம் வகுப்பில் க் என்பது ஒரே எழுத்து என்று சொல்லிக்கொடுத்த டீச்சர் பொய் சொன்னாரா? இன்னும் கேளுங்கள், 'கொ' கணினியின் எழுத்துக் குறியீடான யூனிகோடில் இரண்டு குறியாகவும் இருக்கலாம், கொம்பையும் காலையும் தனித்தனியாக வைத்தால் மூன்றாகவும் இருக்கலாம், திரையில் ஒரு வித்தியாசமும் தெரியாது. ஒரே சொல்லுக்கு இரண்டு நீளம் சொல்லும் கருவியை வாசலில் காவலுக்கு வைத்தால் இப்படித்தான்.

செங்காங்வாசி:
'ஏற்கப்பட்டது' என்று எழுதினால் எட்டு குறையும். 84 போய் 76, பில்ட் பச்சை. லின்ட் உங்கள் தமிழையும் சேர்த்துத்தான் திருத்துகிறது.

கோப்பி_ஓ:
ஓ, இப்போது மெஷினுக்குப் பயந்து மொழியைக் கத்தரிக்க வேண்டுமா! மொழிபெயர்ப்பை இரண்டு பேர் பார்த்து ஒப்புதல் கொடுத்த பிறகு, வரி நீளத்துக்காக நான் சொல்லை மாற்றுவதா?

பழைய_சி_காரன்:
'ஏற்கப்பட்டது'தான் நல்ல தமிழ். ஆனால் பில்டை நிறுத்தக் கூடாது.

கோப்பி_ஓ:
அண்ணே, நீங்கள் யார் பக்கம்?

புதுப்பையன்:
மொழி வாக்கியங்களைத் தனிக் கோப்பில் வைத்து, அதை மட்டும் லின்ட்டிலிருந்து விலக்கிவிட்டால்?

செங்காங்வாசி:
இன்று ஒரு கோப்பு, நாளைக்கு மொத்தக் கோடும் உள்ள ரெப்போ முழுவதுமே விலக்குப் பட்டியலில்தான் இருக்கும். எத்தனை இடத்தில் பார்த்திருக்கிறேன்.

கோப்பி_ஓ:
இவ்வளவு நேரம் எழுதியும் 24-ஆ 38-ஆ என்று ஒருவரும் பதில் சொல்லவில்லை, கவனித்தீர்களா?