புதுப்பிப்பு: தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு பி.எஸ்சி. நர்சிங், ஆங்கிலம் புரியவில்லை

பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. பிளஸ் டூ வரை தமிழ் மீடியம், இப்போது அனாட்டமி புத்தகத்தில் ஒரு பக்கம் படிக்கவே ஒரு மணி நேரம் ஆகிறது என்று இங்கே புலம்பியிருந்தேன். முதல் வருடம் பாஸ் ஆகிவிட்டேன்.

கைகொடுத்தது, வார்த்தையை உடைத்துப் படி என்று ஒரு அக்கா சொன்ன யோசனைதான். கடைசியில் ஐட்டிஸ் வந்தால் அழற்சி, எக்டமி வந்தால் வெட்டி நீக்குவது, முன்னால் நெஃப்ர் வந்தால் சிறுநீரகம், ஹெப்பட் வந்தால் கல்லீரல். இப்படி ஒரு நோட்டு போட்டபிறகு நெஃப்ரைட்டிஸ், நெஃப்ரெக்டமி எல்லாம் மனப்பாடம் செய்யாமலே புரிந்தது. அகராதி வைத்து வரிக்கு வரி மொழிபெயர்ப்பது எனக்கு ஒத்துவரவில்லை, நேரம்தான் போனது.

எதிர்பார்க்காதது ஒன்று: படிப்பதைவிட வார்டில் காதால் கேட்பதுதான் கஷ்டம். ஹைப்பரும் (அதிகம்) ஹைப்போவும் (குறைவு), ஃபிஃப்டீனும் ஃபிஃப்டியும் வேகமாகச் சொன்னால் ஒன்றுபோலவே கேட்கிறது. ஒருநாள் 15 மில்லியை 50 என்று எழுதிவிட்டேன், கூட இருந்த சீனியர் சிஸ்டர் உடனே பார்த்துத் திருத்தினார், அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. அவர் சொல்லித்தந்தபடி இப்போது கேட்டதைத் திருப்பிச் சொல்லி, எண்ணை ‘ஒன் ஃபைவ்’ என்று இலக்கம் இலக்கமாக உறுதிசெய்துகொண்டுதான் எழுதுகிறேன். யாரும் திட்டவில்லை.

ஷிஃப்ட் ஒப்படைக்கும்போது பேசுவது மட்டும் இன்னும் தடுமாறுகிறது. இப்போதைய நிலை, பின்னணி, என் கணிப்பு, அடுத்து என்ன தேவை என்ற எஸ்பார் (SBAR) வரிசையில் 4 வரி எழுதி வைத்துக்கொண்டு பழகிவருகிறேன்.